தோற்காத கிணறு

1. மேற்கே, நிலக்கரி எடுக்கும் பகுதியில், பழைய சுரங்கம் ஒன்றை மூடினார்கள். ஆழத்திலிருந்து இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகளையும் நிறுத்தினார்கள்.

2. சுற்றியிருந்த ஊர்களில் வற்றிக் கிடந்த கிணறுகளில், மழை பெய்யாமலே, தண்ணீர் ஏறியது.

3. அந்தத் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துச் சொல்லும் பொறுப்பு கொல்கத்தாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்தது. மாதிரி எடுத்துவரப் போனவள் நான்.

4. கிணறுகள் ஒவ்வொன்றாகச் சோதனையில் தோற்றன. தோற்ற ஊர்களுக்கு டேங்கர் லாரி வந்தது.

5. ஒரு கிணறு மட்டும் தோற்கவே இல்லை.

6. அந்தக் கிணற்றடி வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. டப்பாப் பாலைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள்.

7. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் தகவல் சொல்லாமல், நான் அங்கே போனேன்.

இப்படி வரிசையாக எழுதினால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. எனக்குத் தெரிய வந்தது இந்த வரிசையில் அல்ல. ஐந்தாவதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதுவும் நல்ல செய்தியாக.

முதல் முறை போனபோது கோடை. ஹௌராவில் காலை ரயில் ஏறி, இறங்கிய ஸ்டேஷனில் சுரங்க அலுவலகத்தின் ஜீப் காத்திருந்தது. சுரங்க வேலிக்குள்ளும் வெளியிலும் எங்கே போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். நாங்கள் அலுவலகத்துக்குச் சொல்வோம், அலுவலகம் டிரைவருக்குச் சொல்லும், டிரைவர் ஊர்களுக்குப் போன் போட்டுவிடுவார். அவர் நல்ல மனிதர், வழி நெடுக எதையாவது காட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் சாலையை ஒட்டித் தரை பிளந்து, பிளவிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. கீழே நிலக்கரி எத்தனையோ காலமாகத் தானாக எரிகிறதாம். பக்கத்தில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் அந்த ஊர், சாந்தால் பழங்குடியினர் வாழும் ஊர்.

ஊர் என்றால் ஒரே தெரு. மண் சுவர்களில் கறுப்பும் வெள்ளையும் செம்மண்ணுமாகப் பட்டை தீட்டியிருந்தார்கள். தெருவின் கடைசி வீட்டை ஒட்டிக் கிணறு. அந்த வீட்டுப் பெண்மணிதான் கிணற்றைப் பார்த்துக்கொண்டார். வாளியும் கயிறும் அவர் பொறுப்பு. கணவர் மூடப்பட்ட சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது வெளியூரில் கட்டட வேலை. மகனும் அவருடன். வீட்டில் இவரும் கர்ப்பிணியான மருமகளும் மட்டும். நான் அவரை மாஷி என்று கூப்பிட்டேன். வங்காளத்தில் அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது. அவர்கள் என்னை, டீச்சரையும் நர்சையும் கூப்பிடுவதுபோல, திதிமோனி என்றார்கள்.

அங்கே வீட்டுக்கு ஆள் வந்தால் முதல் காரியம் ஒரு சொம்புத் தண்ணீர். பளபளவென்று துலக்கிய பித்தளைச் சொம்பை விருந்தாளியின் முன்னால் தரையில் வைத்து, குனிந்து வணங்குவார்கள். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். மாஷி சொம்பை வைத்தார், வணங்கினார், நிமிர்ந்தார். நான் அதைக் கையால் தொட்டு, கும்பிட்டு, அப்படியே வைத்துவிட்டேன். மாதிரி எடுக்கப் போகிறவர் போன இடத்தில் எதையும் குடிக்கவோ உண்ணவோ கூடாது. வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்த விதி அது. பிறகு தாகம் எடுத்தபோது பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

"தண்ணி தானா மேல வந்துச்சு, திதிமோனி," என்றார் மாஷி. "போன வருஷம் இந்நேரம் அடியில சேறுதான். இப்ப பாருங்க, சித்திரையில கிணறு ததும்புது. கும்பிட்டது வீண் போகல."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். தண்ணீர்மட்டம் அளக்கும் நாடாவைக் கிணற்றுக்குள் விட்டேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தண்ணீரைத் தொட்டது.

சுரங்கத்துக்குள் பம்பு ஓடும்வரை சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரெல்லாம் அங்கே வடியும். அதனால்தான் கிணறுகள் வற்றின. பம்பு நின்றதும், வெட்டியெடுத்த காலி வழிகளில் நீர் நிறையத் தொடங்கும். அந்த வழிகளின் சுவர்களில், காற்றுப் பட்டுப் பல காலம் கிடந்த கந்தகக் கற்கள் இருக்கும். அவற்றைக் கரைத்துக்கொண்டுதான் நீர் மேலே ஏறும். ஏறும்போது மூன்று சேர்ந்து வரும்: சல்பேட், இரும்பு, மாங்கனீசு. மற்ற ஊர்களில் மூன்றும் அப்படித்தான் வந்தன.

இந்த ஊரில் சல்பேட் மட்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிட அதிகம். முதல் முறை லேசான கலங்கல் இருந்தது, இரும்பும் மாங்கனீசும் வரம்புக்குள் கொஞ்சம் இருந்தன; அடுத்த முறையிலிருந்து அவை ஏறக்குறைய இல்லை. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. சல்பேட் இன்னும் வரம்பைத் தாண்டாததால் அறிக்கையில் "குடிக்கத் தகுந்தது" என்று எழுதினோம். டிரைவர் அதைச் சுருக்கி ஊருக்குச் சொன்னார்: பாஸ்.

பக்கத்து ஊர் ஃபெயில். அங்கே டேங்கர் வந்தது. அடுத்த முறை நான் போனபோது மாஷியின் தெருவில் இதுவே பேச்சாக இருந்தது.

"அவங்க ஊர்ப் பொண்ணுங்க இப்ப லாரிக்குப் பின்னாடி குடத்தைத் தூக்கிட்டு ஓடுதுங்க," என்றாள் ஒருத்தி. "அந்த ஊருக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"எங்க கிணறு ஒவ்வொரு தடவையும் பாஸ்," என்றார் மாஷி. "எங்க பிள்ளைங்கதான் ஸ்கூல்ல பாஸாக மாட்டேங்குது."

சிரிப்பு. சொம்பு. வணக்கம். தொட்டு வைத்தேன்.

இதற்கு அடுத்த பயணத்தில்தான் குழந்தையைப் பார்த்தேன். பிறந்து அதிக நாள் ஆகவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரோடோ சண்டை போடுவதுபோல முஷ்டி பிடித்திருந்தது. மருமகளுக்குப் பால் ஊறவில்லை. டப்பாப் பால்தான் என்று மாஷி சொன்னார். முற்றத்துக் கொடியில் குழந்தையின் துணிகள் உலர்ந்தன. எல்லாம் ஒரே பழுப்பு. அந்தப் பக்கத்து மண் சிவப்பு, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதிரிப் பெட்டியோடு திரும்பும் பயணம் எனக்குப் பழகிப்போன ஒன்று. ஹௌராவில் ஐஸ் பெட்டியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். அன்று டாக்ஸிக்காரர் கேட்டார்: "தீதி, இலிஷா?"

"மீன் இல்லை. கிணத்துத் தண்ணி."

"கொல்கத்தாவுல தண்ணிக்கா பஞ்சம்? மழை பெஞ்சா எங்க வீட்டுக்குள்ளயே வருதே, வேணும்னா எடுத்துக்கோங்க."

மறுநாள் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் அந்த ஊர் பாட்டிலைத் திறந்தேன். ஒரு கணம்தான், ஆனால் தெளிவாக, நீச்சல் குள வாசனை வந்தது. நான் ஏரிக்கரைப் பக்கத்து நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றவள். அந்த வாசனையை என் தலைமுடியே அறியும்.

ஆய்வகத் தலைவரிடம் பாட்டிலை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே. நீங்க மெட்ராஸ்காரங்க, காய்ச்சி வடிச்ச தண்ணியிலகூட சாம்பார் வாசனை பிடிப்பீங்க." பிறகு, நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "பஞ்சாயத்துல பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பாங்க. நல்ல காரியம்தானே?" என்றார்.

"குளோரின் பட்டா இரும்பும் மாங்கனீசும் துருவா மாறி அடியில படிஞ்சிடும், தாதா. நாம எடுக்கிறது மேல் தண்ணி." தாதா என்றால் அங்கே அண்ணன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஒவ்வொரு தடவையும் நீ போற நாள் பாத்தா போடுவாங்க?"

அந்தக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். மாங்கனீசு அதிகமானால் பெரியவர்களின் உடம்பு பெரும்பாலும் அதை வெளியே தள்ளிவிடும். பச்சைக் குழந்தையின் உடம்பு அதற்கு இன்னும் பழகியிருக்காது. அது மூளைக்குப் போய்த் தங்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். கொடியில் கிடந்த பழுப்புத் துணிகள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தவர்கள். சனிக்கிழமை மாலை நான் தண்ணீர் சோதிக்கும் மீட்டரைத் துடைத்துப் பையில் வைப்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, ஞாயித்துக்கெழமையுமா ஆபீசு?"

"ஆபீஸ் இல்லம்மா. ஒரு குழந்தையப் பாக்கணும்."

"ஆரு புள்ள?"

"ஒரு கிணத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை."

"நீ பேசுதது தமிழா வங்காளியான்னே வெளங்கல. கிணத்த பாக்கப் போறியா, புள்ளய பாக்கப் போறியா?"

"ரெண்டும்தான்."

அம்மா செருப்பை மாட்டினாள். "புள்ள பெத்த வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாவ?" என்று சொல்லிவிட்டு, மார்க்கெட் கடைக்குப் போய்க் கருப்பட்டியும் சுக்கும் பூண்டும் வாங்கி வந்து பொட்டலம் கட்டினாள். "பாலூறும்னு சொல்லு. தின்னாத்தான் ஊறும், சும்மா வச்சிருந்தா ஊறாது. அதையும் சொல்லு."

ஜீப் இல்லாமல் அந்த ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனிலிருந்து பஸ், பிறகு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா, பிறகு நடை. ஜீப் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த பிளவை நடந்து கடக்கும்போது செருப்பின் அடியில் தரை வெதுவெதுப்பாக இருந்தது. முன்பு ஓரமாக இருந்த எச்சரிக்கைக் கம்பம் இப்போது சாய்ந்திருந்தது. மாடு இல்லை.

மாஷி கிணற்றடியில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் அல்ல. போட்டது போட்டபடி கிடக்கும் அடுக்களைக்குள் சம்பந்தி வந்து நின்றால் வரும் முகம்.

"இன்னைக்கு எப்படி? டிரைவர் போன் போடலையே?"

"டிரைவருக்கே தெரியாது, மாஷி."

சொம்பு வரவில்லை. அவர் வாளியை எனக்கு மறைத்துப் பிடிப்பதுபோல நகர்ந்தார். மறைக்க முடியவில்லை. வாளியில் இருந்தது டீத்தண்ணீர் நிறம். மேலே எண்ணெய் போல ஒரு ஏடு வெயிலில் மினுங்கியது. எட்டிப் பார்த்தேன். கிணற்றின் உள்சுவரில் தண்ணீரை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம்.

"சொல்லியிருந்தா சுத்தம் பண்ணியிருப்போம்," என்றார் மாஷி. குரலில் கோபம் இருந்தது.

"எதை?"

"எதையா? கிணத்தைத்தான். ஆள் வந்தா முத்தம் மெழுக மாட்டோமா? டிரைவர் போன் போட்டதும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் காசு போட்டு பிளீச்சிங் பவுடரும் படிகாரமும் வாங்குவோம். முந்தின நாள் சாயங்காலம் கிணத்துல போட்டுட்டா, அப்புறம் யாரும் வாளி விடக் கூடாது. காலையில பாத்தா மேல கண்ணாடி."

"எப்பலருந்து, மாஷி?"

"நீங்க வந்த ரெண்டாவது தடவையிலருந்து." அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "மொதத் தடவை சொம்பைத் தொட்டுட்டு வச்சுட்டீங்க. பைக்குள்ளருந்து ஒங்க பாட்டிலை எடுத்துக் குடிச்சீங்க. எல்லாரும் பாத்தோம். நம்ம தண்ணி கலங்கலா இருக்கு, கொல்கத்தாப் பொண்ணு எப்படிக் குடிக்கும்னு பேசிக்கிட்டோம். அடுத்த தடவை தெளிய வச்சோம், அப்பவும் குடிக்கல. சரி, பவுடர் பத்தலைன்னு கூடப் போட்டோம்."

என்னிடம் பதில் இருந்தது. குடிக்கக் கூடாது என்பது விதி, விதி சரியானதுதான், யார் வீட்டிலும் நான் குடித்ததில்லை. ஆனால் அந்த விதி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்தது ஒரு விருந்தாளி சொம்பைத் திருப்பி வைத்ததை மட்டும்தான்.

உள்ளே குழந்தை அழுதது. மருமகள் பால் புட்டியோடு வாசலுக்கு வந்தாள். புட்டியின் ரப்பர் காம்பைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். பானையிலிருந்து தண்ணீர் மொள்ளக் குனிந்தவளை நிறுத்தினேன்.

"அதுல கலக்காதம்மா."

"ஏன்? நீங்கதானே நல்ல தண்ணின்னு எழுதினீங்க?"

"நான் எழுதினது நீங்க எனக்காகத் தெளிய வச்ச தண்ணியப் பத்தி. இது அது இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மாமியார் பக்கம் திரும்பினாள். "விருந்தாளிக்கு ஒரு தண்ணி, எம் புள்ளைக்கு ஒரு தண்ணியா?"

மாஷி கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

என் பையில் லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை மருமகளிடம் கொடுத்தேன். அந்தத் தண்ணீரில் பால் கலந்தாள். குழந்தை குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மீட்டரைக் கிணற்றில் விட்டேன், மாதிரி எடுத்தேன், மூடி சீல் வைத்தேன். நாடாவை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் மறுபடி ஏறியிருந்தது. கிளம்பும்போது அம்மா கொடுத்த பொட்டலத்தையும் அவள் சொன்ன வார்த்தையையும் மருமகளிடம் சேர்த்தேன். பஸ் நிறுத்தத்துக் கடையிலிருந்து தண்ணீர் கேன்களை டோட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

மாதிரியில் இரும்பு நிறைய. மாங்கனீசு, மற்ற எந்தக் கிணற்றையும்விட அதிகம். ஆய்வகத் தலைவர் எண்களைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கேலி செய்யவில்லை. சுரங்க அலுவலகத்துக்கு அவரே பேசினார். மறுமுனையில் சொன்னது எனக்கே கேட்டது: அறிவிக்காமல் எடுத்த மாதிரி செல்லாது, இதுவரை வந்த எல்லா அறிக்கையிலும் அந்தக் கிணறு நன்றாகத்தானே இருக்கிறது?

போனை வைத்தார். "அறிவிச்சுட்டுப் போ," என்றார். "அறிவிச்சும் அழுக்கா இருந்தா யாரும் எதுவும் சொல்ல முடியாது."

அன்று மாலையே மாஷிக்குப் போன் செய்தேன். நான் வரும் நாளை டிரைவர் சொல்வார், ஆனால் இந்த முறை பவுடர் போடவேண்டாம், கிணறு தோற்றால்தான் டேங்கர் வரும், குழந்தைக்கு அதுதான் வழி என்று சொன்னேன்.

"ஆள் வர்ற அன்னைக்கு அழுக்குத் தண்ணியா, திதிமோனி? நான் ஒருத்தி சரின்னாலும் தெரு ஒத்துக்கணுமே. 'அவங்க ஊரும் ஃபெயிலாமே'ன்னு நாளைக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க, மாஷி."

"நீங்க ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அறிவித்த நாளில் ஜீப்பில் போய் இறங்கினேன். முற்றம் புதிதாக மெழுகியிருந்தது. சுவரில் புதுப் பட்டை. தெருப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. முந்தின நாள் இரண்டு வீட்டார் பவுடரோடு வந்தார்களாம். மாஷி கிணற்றுத் திட்டிலேயே உட்கார்ந்திருந்து அவர்களைத் திருப்பி அனுப்பினார் என்று மருமகள் என் காதருகே சொன்னாள். "பேசாத பேச்செல்லாம் பேசிட்டாங்க. இவங்க அசையல."

மாஷி உள்ளேயிருந்து சொம்பைக் கொண்டுவந்தார். வழக்கம்போலத் துலக்கி மின்னியது. அதற்குள் டீத்தண்ணீர் நிறம், மேலே அந்த ஏடு. எனக்கு முன்னால் தரையில் வைத்தார். குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் சொம்பைத் தொட்டேன்.

"குடிக்காதீங்க," என்றார் மாஷி.

தொட்டு, கும்பிட்டு, வைத்தேன். பிறகு எழுந்து மாதிரி எடுத்தேன்.

இப்போது இருக்கும் நிலை இது. கிணறு தோற்றது. டேங்கருக்கு உத்தரவு வந்திருக்கிறது; லாரி சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் பெரியவர்கள் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறார்கள், குழந்தைக்கு மட்டும் கேன் தண்ணீர். மருமகளுக்குக் கொஞ்சம் பால் ஊறியிருக்கிறது, போதுமான அளவு இல்லை. பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர் குழந்தையை என்ன செய்திருக்கிறது என்று இப்போதே சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். அந்தக் கிணறு பற்றிய பழைய அறிக்கைகள் இன்னும் திருத்தப்படவில்லை. கடைசியாக அளந்தபோதும் தண்ணீர் ஏறியிருந்தது. அடுத்த முறை சோதிக்கவேண்டிய கிணறுகளோடு, அந்த ஊருக்குத் தெற்கே தாழ்வான இடத்தில், ஏறும் தண்ணீர் அடுத்து எட்டக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்தின் அடிபம்பையும் சேர்த்திருக்கிறேன்.